சத்தமில்லாமல் வானத்தில் போனது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறந்தவெளியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நாலு பேருக்கு நிலாவையும் வியாழனையும் காட்டுகிற வழக்கம் எனக்கு உண்டு. சனியின் வளையத்தைப் பார்த்து வியந்து முடித்ததும், யாராவது ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்து நிற்பார். "ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பார். சிரிக்க இதில் எதுவும் இல்லை. அப்படிக் கேட்டவர்களின் சந்தேகங்களை, பெரும்பாலும் அவர்கள் சொன்னபடியே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

ராத்திரி வானத்தில் ஒரு வெளிச்சம் போச்சு. சத்தமே இல்லை. அது என்ன?

இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். எவ்வளவு நேரம் தெரிந்தது? சீராக எரிந்ததா, விட்டுவிட்டு மின்னியதா? கடைசியில் எப்படி மறைந்தது? நிறம், வடிவம், அளவு எல்லாம் அப்புறம்தான். அவற்றில்தான் கண் அதிகம் ஏமாறும்.

ஓரிரு நொடியில் கோடு கிழித்துவிட்டுப் போனால் எரிநட்சத்திரம். சில நிமிடம் சீராக நகர்ந்தால் செயற்கைக்கோள். ஒழுங்கான இடைவெளியில் வெட்டி வெட்டி மின்னினால் விமானம். மணிக்கணக்கில் நின்றால் கிரகம் அல்லது நட்சத்திரம். காற்றோடு மிதந்தால் பலூனோ வான விளக்கோ. பெரும்பாலான அனுபவங்கள் இதற்குள் அடங்கிவிடும். அடங்காதவைதான் கீழே வருகின்றன.

சத்தம் வரவில்லை என்றால் அது விமானம் இல்லைதானே?

இப்படி நினைக்காதவர்கள் குறைவு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், அதாவது ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி. 10 கிலோமீட்டர் உயரத்தில், சரியாகத் தலைக்கு மேலே போகிற விமானத்தின் சத்தம் உங்களை வந்தடைய அரை நிமிடம் ஆகிவிடும். அதற்குள் விமானம் ஏழெட்டுக் கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். வெளிச்சம் ஓரிடத்தில், சத்தம் அதற்குப் பின்னால் வேறோர் இடத்தில். பல நேரம் அந்தச் சத்தத்தை வெளிச்சத்தோடு சேர்த்துப் பார்க்கவே நமக்குத் தோன்றாது.

இது தலைக்கு மேலே போகும் விமானத்தின் கதை. தொடுவானத்துக்கு அருகே, பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி, இறங்குவதற்கான முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நம்மை நோக்கி வரும் விமானம் பளிச்சென்று தெரியும். நேராக நம்மைப் பார்த்து வருவதால் நகராமல் நிற்பது போலவும் இருக்கும். அதன் சத்தம் நம்மிடம் வந்து சேராது. நேர்மாறாக, நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சின்ன ட்ரோனின் ரீங்காரத்தைச் சாலை இரைச்சலோ காற்றோ விழுங்கிவிடும்.

சத்தம் இல்லை என்பது முக்கியமான தகவல்தான். ஆனால் அது பெரும்பாலும் தூரத்தைப் பற்றிய தகவல். செயற்கைக்கோள் போகும் உயரத்தில் ஒலியைச் சுமந்து வரப் போதுமான காற்றே கிடையாது.

நட்சத்திரம் மாதிரி இருந்தது. மெதுவாக நகர்ந்து, பாதி வானத்தில் அப்படியே காணாமல் போச்சு. மேகமும் இல்லை. எப்படி?

அது பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. செயற்கைக்கோளுக்குச் சொந்த விளக்கு இல்லை. நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது தெரிகிறது. நிழல் எல்லையைத் தாண்டியதும் அணைந்துவிடும்.

சர்வதேச விண்வெளி நிலையம் இப்படி மறைவதை ஒருமுறை வேண்டுமென்றே பார்த்துவிடுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நல்ல நாளில் வெள்ளி கிரகத்துக்கு இணையாக ஒளிரும். நிழல் எல்லைக்கு வந்ததும் அதன் வெண்மை கொஞ்சம் மஞ்சளிக்கும், பிறகு செம்பழுப்பாகும், பிறகு சில நொடிகளில் கரைந்துபோகும். அந்த நிலையத்தில் இருப்பவர்களுக்கு அப்போது சூரியன் மறைகிறது. தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண்ணே போதும்.

இருட்டிய பின் ஓரிரு மணி நேரமும், விடிவதற்கு முன் ஓரிரு மணி நேரமும்தான் தாழ்வாகச் சுற்றுபவை அதிகம் தெரியும். நள்ளிரவில் அவற்றில் பெரும்பாலானவை நிழலுக்குள் இருக்கும். துருவப் பக்கத்து நாடுகளின் கோடைக்காலம் மட்டும் விதிவிலக்கு, அங்கே இரவு முழுக்கத் தெரிவதுண்டு. அதனால் மணி என்ன என்பதைக் குறித்துவைக்காமல் விடாதீர்கள்.

வரிசையாக, ஒரே இடைவெளியில் ஏராளமான விளக்குகள் போச்சு. ரயில் போற மாதிரி. இதுவும் செயற்கைக்கோளா?

ஆமாம், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணைய வசதிக்காக அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஏவிய முதல் சில நாட்களில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கிப் போகும். பிறகு ஒவ்வொன்றும் தன் சுற்றுப்பாதைக்கு உயர்ந்து விலகிவிடும், மங்கியும் போகும். ஒரு பக்கமாக வந்து, ஒரே புள்ளியில் வரிசையாக ஒவ்வொன்றாக மறைந்தது என்றால் சந்தேகமே வேண்டாம். மறைந்த காரணம் போன பதிலில் இருக்கிறது.

நகரவே இல்லை. ஒரே இடத்தில் நின்று சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னியது. ஒரு மணி நேரம் பார்த்தேன்.

தொடுவானத்துக்கு அருகில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரம். பெரும்பாலும் சிரியஸ். தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி மிகத் தடித்த, கலங்கிய காற்றுப்படலத்தைத் துளைத்து வர வேண்டும். காற்று ஒரு பட்டகம் போல நிறங்களைப் பிரித்து ஆட்டிவிடுகிறது. அதே நட்சத்திரம் உச்சிக்கு வந்ததும் அமைதியாகிவிடும்.

மின்னாமல், கண்ணைக் கூசும் அளவுக்குத் தனியாக நின்றால் வெள்ளி. சூரியன், நிலாவுக்கு அடுத்தபடி வானத்தில் வழக்கமாகத் தெரிபவற்றில் அதுதான் பிரகாசம். வெள்ளி சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது, எனவே மாலையில் மேற்கிலும் அதிகாலையில் கிழக்கிலும்தான் இருக்கும். நடுநிசியில் நடுவானில் வெள்ளி என்று யாராவது விளக்கம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தவறான விளக்கமும் ஒரு வகை வதந்திதான்.

எளிய சோதனை ஒன்று. கம்பமோ கட்டட முனையோ அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ஓரிடத்தில் நின்று பாருங்கள். அரை மணி கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள். நட்சத்திரமும் கிரகமும் மணிக்கு ஏறத்தாழ 15 டிகிரி வீதம், கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்திருக்கும். மறுநாள் அதே நேரத்துக்குக் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கும். அப்படி வந்து நிற்பதை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்களையும் சந்தித்திருக்கிறேன்.

நிற்கவில்லை சார், அது ஆடியது. இடமும் வலமுமாகக் குதித்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆடியது கண். இருட்டில், சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாமல், ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் சில நொடிகளிலேயே அது மிதக்கத் தொடங்கும். கண்ணின் நுண்ணிய அசைவை மூளை அந்தப் புள்ளியின் மேல் ஏற்றிவிடுகிறது. இது எல்லோருக்கும் நடக்கும், கண் மருத்துவருக்கும் நடக்கும். ஹம்போல்ட் என்ற பெரிய இயற்கை ஆய்வாளர் 1799இல் டெனரீஃப் தீவு மலையேறும்போது நட்சத்திரங்கள் ஊசலாடுவதாகக் குறித்துவைத்தார். ஆட்டம் வானத்தில் இல்லை, பார்ப்பவரிடம்தான் இருக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவானது.

மேலே சொன்ன கம்பச் சோதனைக்கு இதுவும் ஒரு காரணம். கம்பத்தோடு சேர்த்துப் பார்த்த பிறகும் அது தாவினால், அந்தக் குறிப்பு மதிப்புள்ளது.

எங்கள் வண்டி கூடவே வந்தது. நிறுத்தினால் நின்றது.

மிகத் தொலைவில் இருக்கும் எதுவும் அப்படித்தான் செய்யும். நிலாவும் செய்யும்.

முக்கோணம். மூன்று மூலையில் விளக்கு, நடுவில் கன்னங்கரேலென்று உடம்பு. நட்சத்திரமே தெரியவில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, மிகக் கடினமானதும் கூட. முதலில் மூளை செய்யும் வேலையைச் சொல்கிறேன். இருட்டில் சேர்ந்து நகரும் மூன்று புள்ளிகளைக் காட்டினால், அவற்றை இணைத்து ஒரு பரப்பை அது வரைந்துவிடும். வரைந்த பரப்பு சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாகவும் தெரியும். கனீசா முக்கோணம் என்று உளவியல் புத்தகங்களில் ஒரு படம் இருக்கும். அதில் கோடே போட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் முக்கோணத்தின் விளிம்பு நமக்குத் தெரியும்.

இதற்கு நல்ல சான்று 1968 மார்ச் 3ஆம் தேதி கிடைத்தது. சோவியத் நாட்டின் சோண்ட் 4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் பாகங்கள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு மேலே காற்று மண்டலத்தில் எரிந்து சிதறின. பல மாநிலங்களில் மக்கள் பார்த்தார்கள். நிறையப் பேர், எரியும் துண்டுகள் வரிசையாகப் போயின என்று உள்ளபடியே சொன்னார்கள். சிலரோ சுருட்டு வடிவ வாகனம் என்றார்கள், பக்கவாட்டில் வெளிச்சமான சதுர ஜன்னல்கள் என்றார்கள், மரத்தின் உயரத்தில் போனது என்றும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தனித்தனியான தீப்பொறிகளுக்கு நடுவே ஓர் உடலை அவர்கள் மூளை நிரப்பிக்கொடுத்தது. பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் தலைமையில் நடந்த ஆய்வு இந்தச் சாட்சியங்களை அக்கறையோடு அலசியது.

1997 மார்ச் 13 அன்று அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அன்று இரவு நடந்தவை இரண்டு, அவற்றை ஒன்றாக்கித்தான் பலரும் கதை சொல்கிறார்கள். எட்டரை மணி வாக்கில் ஆங்கில வி வடிவத்தில் விளக்குகள் போயின. ஒரே பெரிய வாகனம் நட்சத்திரங்களை மறைத்தபடி சத்தமின்றிப் போனது என்று பலர் சொன்னார்கள். வீட்டில் தொலைநோக்கி வைத்திருந்த ஓர் இளைஞர் அதன் வழியாகப் பார்த்துவிட்டு, தனித்தனி விமானங்கள் என்றார். பத்து மணி வாக்கில் தெரிந்த விளக்கு வரிசை, ராணுவப் பயிற்சித் திடலுக்கு மேலே ஏ-10 விமானங்கள் பாராசூட்டில் இறக்கிவிட்ட ஒளிக்குண்டுகள். அவை ஒவ்வொன்றாக அணைந்தது, இடையில் இருந்த மலைத்தொடருக்குப் பின்னால் இறங்கியதால்.

சரி, நட்சத்திரம் மறைந்தது என்கிறீர்களே, அதுதான் உங்கள் சாட்சியத்தில் உருப்படியான பகுதி. ஆனால் எந்த நட்சத்திரம்? பிரகாசமான விளக்கைப் பார்க்கும் கண்ணுக்கு அதன் பக்கத்தில் இருக்கும் மங்கலான நட்சத்திரங்கள் எப்படியும் தெரியாது. பெயர் தெரிந்த, பளிச்சென்ற ஒரு நட்சத்திரம், அந்தக் கறுப்புப் பகுதிக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்ததைப் பார்த்திருந்தால் அங்கே உண்மையிலேயே ஓர் உடல் இருந்திருக்கிறது. நட்சத்திரம் உள்ளேயே மின்னிக்கொண்டிருந்தால் அங்கே இருந்தது மூன்று விளக்குகள் மட்டும்தான்.

பெரிசு சார். கால்பந்து மைதானம் அளவு இருக்கும். உயரம் ஒரு ஐந்நூறு அடி.

இந்த இரண்டு எண்ணையும் விட்டுவிடுங்கள். தூரம் தெரியாமல் அளவு தெரியாது, அளவு தெரியாமல் தூரம் தெரியாது. 100 மீட்டர் தள்ளி இருக்கும் 2 மீட்டர் பொருளும், 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் 200 மீட்டர் பொருளும் கண்ணுக்கு ஒரே அளவுதான்.

கையை நீட்டி அளந்து சொல்லுங்கள். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ ஒரு டிகிரி, மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. முழு நிலா வெறும் அரை டிகிரி, அதாவது பாதிச் சுண்டுவிரல். நம்பாதவர்கள் நிலா வரும்போது செய்து பாருங்கள், நிலாவின் அளவு பற்றி இத்தனை நாள் நினைத்திருந்ததே கலைந்துவிடும். "சுண்டுவிரலால் மறைக்க முடிந்தது, தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம்" என்று ஒருவர் சொன்னால் அதை வைத்துக் கணக்குப் போடலாம். கால்பந்து மைதானத்தை வைத்துப் போட முடியாது.

கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அப்புறம் கண் மூடித் திறப்பதற்குள் அசுர வேகத்தில் மேலே போய்விட்டது.

மேலே போனதா, மங்கியதா? நம்மை நோக்கி வந்த விமானம் திரும்பினால் முன்விளக்கு நம் பக்கம் படாது, நொடியில் மங்கிவிடும். சட்டென்று சிறுத்து மங்கும் வெளிச்சத்தை மூளை "விலகிப் போகிறது" என்று படிக்கும். நிழலில் நுழையும் செயற்கைக்கோளுக்கும் இதே கதி. பின்னணி நட்சத்திரங்களின் நடுவே அது இடம் மாறியதா என்பதைக் கவனித்திருந்தால் மட்டுமே இரண்டையும் பிரிக்க முடியும்.

ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து பந்துகள், மெதுவாக மிதந்து போய் ஒவ்வொன்றாக அணைந்தன.

காகித வான விளக்குகள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பாருங்கள். காற்றை எதிர்த்துப் போனால் வந்து சொல்லுங்கள், பேசலாம்.

சுருள் சுருளாக நீல வெளிச்சம் விரிந்தது. நடுவில் ஒரு புள்ளி. இது என்ன நட்சத்திரம்?

ராக்கெட். சுழன்றுகொண்டே எரிபொருளை வெளியேற்றும்போது, அந்த வாயு வெற்றிடத்தில் சுருளாக விரிந்து, உயரத்தில் வெயில் பட்டு ஒளிரும். 2009 டிசம்பர் 9 அன்று காலை வட நார்வேயில் மாபெரும் சுருள் தெரிந்தது. வெள்ளைக் கடலில் நீர்மூழ்கியிலிருந்து ரஷ்யா ஏவிய புலாவா ஏவுகணையின் மூன்றாம் கட்டம் பழுதானதால் வந்த காட்சி அது, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே ஏவுதல் தோற்றதை ஒப்புக்கொண்டது. இப்போதெல்லாம் ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேல்பாகம் மிச்ச எரிபொருளைக் கொட்டும்போதும் இப்படித் தெரிகிறது. 2022 ஜூனில் நியூசிலாந்தில் பார்த்து அதிசயித்தார்கள்.

எரிகல் என்றால் இடி மாதிரி சத்தம் வருமே? நான் பார்த்தது தீப்பந்து, ஆனால் சத்தமே இல்லை.

வந்தாலும் தாமதமாகத்தான் வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் விண்கல் ஒன்று, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. முதலில் வெளிச்சம் மட்டும். என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை உடைத்தது. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர், பலருக்குக் கண்ணாடிச் சில்லுக் காயம். பெரிய தீப்பந்தைப் பார்த்தால் சில நிமிடம் ஜன்னலை விட்டுத் தள்ளியே நில்லுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல.

சாதாரணத் தீப்பந்துகள் பல பத்துக் கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிந்துவிடும், சத்தம் பெரும்பாலும் நம்மிடம் வராது. ஒரு நிமிடத்துக்கும் மேலாக, மெதுவாக, துண்டு துண்டாக உடைந்துகொண்டே போனால் அது கல் அல்ல, மேலே சொன்ன சோண்ட் கதை போல ராக்கெட் அல்லது செயற்கைக்கோளின் மிச்சம்.

சும்மா சொல்லவில்லை, என் போனில் வீடியோ இருக்கு. ஜூம் பண்ணினால் வட்டமாக, உள்ளே ஏதோ துடிப்பது தெரியும்.

அந்த வட்டம் உங்கள் லென்ஸ். இருட்டில் ஒற்றைப் புள்ளியைப் பிடிக்க முடியாமல் போன் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் ஆடும். அப்போது புள்ளி தட்டாக வீங்கும், சுருங்கும், அதைத்தான் துடிப்பு என்கிறீர்கள். உள்ளே தெரியும் கோலங்கள் லென்ஸின் தூசியும் காற்றின் கலக்கமும். டிஜிட்டல் ஜூம் புதிதாக எதையும் காட்டாது, இருப்பதை ஊதிப் பெரிதாக்கும், சில போன்களில் மென்பொருள் தானாக விளிம்பும் வரைந்து கொடுக்கும். வெள்ளியையோ தெருவிளக்கையோ இதே மாதிரி ஜூம் செய்து பாருங்கள், இதே ஜீவன் அங்கேயும் துடிக்கும்.

இன்னொன்று, படத்தில் தெருவிளக்கும் இருக்கிறதா? விளக்குக்கு நேர் எதிரே, படத்தின் மையத்துக்கு மறுபக்கம், பச்சையாகவோ நீலமாகவோ ஒரு பொட்டு தெரிந்தால் அது லென்ஸுக்குள் நடந்த பிரதிபலிப்பு. எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல், பிறகு படத்தில் மட்டும் தெரிந்தது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நம்மை விடுங்கள். விமானிகளே பார்த்திருக்கிறார்களே. அவர்களுக்கு வெள்ளி கிரகம் தெரியாதா?

தெரியும். தெரிந்தும் ஏமாறுவதுண்டு. 2011 ஜனவரியில் டொரண்டோவிலிருந்து சூரிச்சுக்கு அட்லாண்டிக் கடல் மேலே போன ஒரு பயணிகள் விமானத்தில், சின்னத் தூக்கம் போட்டு அப்போதுதான் விழித்த துணை விமானி, வெள்ளியை எதிரே வரும் விமானம் என்று எடுத்துக்கொண்டு, மோதலைத் தவிர்க்க விமானத்தைக் கீழே பாய்ச்சினார். 16 பேருக்குக் காயம். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து அறிக்கை கொடுத்த சம்பவம் இது.

விமானிகள் சொல்வதற்கு மதிப்பில்லை என்பதல்ல என் கருத்து. மணி, திசை, உயரம் மூன்றையும் அவர்கள் துல்லியமாகக் குறிப்பார்கள், நம்மைவிட அங்கேதான் அவர்கள் கெட்டிக்காரர்கள். தூரத்தையும் அளவையும் இருட்டில் கணிப்பதில் அவர்களும் மனிதர்களே. எதிரே எது வந்தாலும் முதலில் மோதல் என்று நினைப்பதுதான் அவர்கள் தொழில், அதில் தவறும் இல்லை.

நாங்கள் அஞ்சு பேர் பார்த்தோம். அஞ்சு பேரும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்.

சொல்வதற்கு முன் எத்தனை தடவை உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள்? பேசப் பேச நினைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், யார் உறுதியாகப் பேசுகிறாரோ அவர் பார்த்ததையே மற்றவர்களும் பார்த்ததாக ஆகிவிடும். பேசுவதற்கு முன் ஆளுக்கொரு தாளில் எழுதி, ஒரு படமும் வரையுங்கள். தாள்கள் கொஞ்சம் முரண்பட்டால் கவலை வேண்டாம், முரண்படாத தாள்கள்தான் எனக்கு இடிக்கும். ஐந்து பேரும் வேறு வேறு ஊரில் நின்று பார்த்திருந்தால் இன்னும் நல்லது, திசைகளை வைத்து உயரத்தையே கணக்கிட்டுவிடலாம்.

ஃப்ளைட்ரேடார் 24இல் தேடினேன். அந்த நேரத்தில் அங்கே விமானமே இல்லை. அப்போ?

அந்தச் செயலி, விமானங்கள் தாமாக அனுப்பும் சமிக்ஞையை நம்பி இருக்கிறது. ராணுவ விமானங்கள் பல நேரம் அதை அனுப்புவதில்லை, சின்ன விமானங்கள் சிலவற்றில் அந்தக் கருவியே இல்லை, ட்ரோன்கள் பொதுவாக அதில் வராது. அதில் இல்லை என்பது, வானத்தில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதில் இருக்கிறது என்பது நல்ல சான்று.

செயற்கைக்கோளைத் தேட ஹெவன்ஸ்-அபவ் என்ற இணையதளம், நட்சத்திரத்தையும் கிரகத்தையும் தேட ஸ்டெல்லேரியம் என்ற செயலி. இரண்டிலும் உங்கள் இடத்தையும் நேர மண்டலத்தையும் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். "எதுவும் காட்டவில்லை" என்று வந்த பல புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்திருக்கின்றன.

எல்லாத்துக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். பதிலே இல்லாதது ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களை ஆராய அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் மொத்தம் 12,618 பார்வைகள் பதிவாயின, அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. பிரான்ஸின் விண்வெளி நிறுவனத்தில் 1977 முதல் இதற்கென ஒரு சிறு பிரிவே இயங்குகிறது. இன்றைய பெயர் ஜெய்பான். நான் பார்த்த அணுகுமுறைகளில் இதுதான் யோக்கியமானது என்பேன். ஏனென்றால் அவர்கள் "தகவல் போதாததால் சொல்ல முடியவில்லை" என்பதையும், "நல்ல தகவல் இருந்தும் விளங்கவில்லை" என்பதையும் தனித்தனி வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை ஏராளம். இரண்டாவது சில சதவீதம்தான்.

நீங்கள் சொல்லும் பெரும்பாலான கதைகள் முதல் வகையில்தான் சேரும். அது உங்கள் குற்றமில்லை, ஒரு நிமிடக் காட்சியில் அவ்வளவுதான் தேறும். நாசா அமைத்த நிபுணர் குழுவும் 2023 செப்டம்பரில் இதையேதான் சொன்னது: கையில் இருக்கும் தரவின் தரம் போதாது, வேற்றுலகத் தொடர்புக்குச் சான்று கிடைக்கவில்லை.

இரண்டாவது வகைக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு. 1980களின் தொடக்கத்தில் அங்கே மிதக்கும் வெளிச்சங்கள் அடிக்கடி தெரிந்தன. 1984இல் கருவிகளோடு போய் ஆய்வு செய்தார்கள், 1998இல் தானியங்கிக் கண்காணிப்பு நிலையமே வைத்தார்கள். சில பார்வைகள் கார் விளக்கும் விமானமும் என்று கழிந்துபோயின. மீதிக்குப் பல கருதுகோள்கள் உண்டு, எல்லோரும் ஏற்ற முடிவு இல்லை. பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள் என்பதால்தான் அது இன்னும் அறிவியல் பேச்சில் இருக்கிறது.

அப்போ வேற்றுக்கிரகவாசிகள் இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. பிரபஞ்சத்தில் வேறெங்காவது உயிர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நேற்று எட்டு மணிக்கு உங்கள் தலைக்கு மேலே போனது என்ன என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு இருக்கலாம் என்று சொன்னால், இரண்டாவதற்குப் பதில் சொன்னதாக ஆகாது.

சரி, அடுத்த முறை பார்த்தால் என்ன செய்வது?

முதலில் மணியைப் பாருங்கள், நொடி வரை. அப்புறம் போனை எடுப்பதற்கு முன் அரை நிமிடம் கண்ணால் பாருங்கள். கம்பம், மரம், கூரை ஏதாவது ஒன்றோடு சேர்த்து அதன் இடத்தை மனதில் பதியுங்கள். எத்தனை நொடி தெரிந்தது என்று எண்ணுங்கள். மறைந்த பிறகும் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள், தாமதமாக வரும் சத்தம் பல புதிர்களை அவிழ்த்திருக்கிறது.

வீடியோ எடுத்தால் ஜூம் வேண்டாம். போனை எதன் மீதாவது சாய்த்து, கட்டட விளிம்பும் படத்தில் வரும்படி எடுங்கள். அசலைப் பத்திரமாக வையுங்கள், வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். மறுநாள் பகலில் அதே இடத்தில் நின்று திசைகாட்டியால் திசையை அளங்கள். பகலில்தான் தெரியும், அந்தப் பக்கம் ஒரு கோபுர விளக்கு இருப்பது.

யாரிடம் சொல்வது?

தீப்பந்து என்றால் சர்வதேச விண்கல் அமைப்பின் இணையப் படிவத்தில் எந்த நாட்டிலிருந்தும் பதியலாம், பல இடங்களிலிருந்து பதிவு வந்தால் பாதையைக் கணக்கிடுகிறார்கள். விமான நிலையத்தின் அருகே ட்ரோன் போலத் தெரிந்தால் காவல்துறைக்கு உடனே சொல்லுங்கள், அது ஆபத்து. மற்றபடி பக்கத்தில் உள்ள வானியல் மன்றம். குழுக்களில் பரப்புவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் பரப்பினால் சாட்சிகள் எல்லாம் ஒரே கதைக்கு வந்துவிடுவார்கள்.

டார்ச் அடித்தேன், அது பதிலுக்கு மின்னியது. லேசர் அடித்துப் பார்க்கலாமா?

லேசர் வேண்டவே வேண்டாம். அது விமானமாக இருந்தால் விமானியின் கண் கூசிப்போகும், பல நாடுகளில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டார்ச்சால் கெடுதல் இல்லை. ஆனால் கட்டுப்பாடிழந்து உருளும் பழைய ராக்கெட் பாகங்கள் சில நொடிக்கு ஒருமுறை பளிச்சிடும், நீங்கள் டார்ச் அடித்தாலும் அடிக்காவிட்டாலும். அடுத்த முறை இரண்டு தடவை மின்னும் வரை டார்ச்சைத் தொடாமல் இருந்து, இடைவெளியை எண்ணிவிட்டு, அப்புறம் அடியுங்கள்.